விடிந்ததும் முதல் பத்து நிமிடம்: நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மடத்தடி
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம். ரவுணில் ஓர் அலுவலகத்தில் வேலை, எட்டரைக்குள் கையொப்பம் வைக்க வேண்டும். என் காலையைச் சொல்கிறேன், சிரிக்காமல் வாசியுங்கள்.

5.45க்கு அலாரம் அடிக்கும். அதை நிறுத்தத்தான் போனைக் கையில் எடுப்பேன். வட்ஸ்அப் குடும்பக் குறூப்பில் நாற்பது செய்தி கிடக்கும். ரொறன்ரோவில் சித்தியின் மகள் பனி வழிக்கிற படம், லண்டன் மாமா அனுப்பிய பழைய பாட்டு, ஊரில் யாருடையதோ மரண அறிவித்தல். அதிலிருந்து பேஸ்புக். அங்கே முன்பின் தெரியாத இரண்டு பேர் சண்டை பிடிப்பதை முழுசாக வாசிப்பேன். நிமிர்ந்து பார்த்தால் 6.35. பிறகென்ன, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்து, திறப்பைத் தேடி, ஹெல்மெட்டைத் தேடி, கே.கே.எஸ். வீதியில் ஏறும்போதே யாரோ எனக்கு அடித்த மாதிரி ஒரு முகம்.

போன மாதம் யூரியூப்பைப் பார்த்து ஒரு முயற்சி செய்தேன். ஐந்து மணிக்கு எழும்பி ஒரு லீற்றர் தண்ணீர், இருபது நிமிடத் தியானம், உடற்பயிற்சி, டயரி எழுதுவது, வாசிப்பு. ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அலுவலகத்தில் கோப்பின் மேல் தலை சாய்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எழுப்பிய விதத்தை இங்கே எழுத முடியாது.

எனக்கு அந்தப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம், நானாக யோசித்துத் தொடங்குகிற மாதிரி ஒரு காலை. உங்களில் யாருக்காவது நிலைத்து நிற்கிற ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

இறைப்புக்காரன்
திங்கள், காலை 4.55

தம்பி, உங்கள் அலாரம் அடிக்க முன்பே பதில் போட்டுவிட்டேன் பாருங்கள். உரும்பிராயில் மோட்டரைப் போட்டுவிட்டு வரம்பில் நிற்கிறேன். மழை விட்டதோடு வெங்காயத்துக்கு இறைப்புத் தொடங்கிவிட்டது.

எனக்கு ரூட்டீன் என்று ஒன்றுமில்லை. தண்ணி மாற வேண்டும், அவ்வளவுதான். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் ஒரு கொத்து மண் எடுத்து அதன் வாயை அடைத்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். இடையில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டிவரும். அந்த நேரத்தில் போனைப் பார்த்தால் வரம்பு உடைந்து தண்ணி பக்கத்துக் காணிக்குப் போய்விடும். ஒரு தரம் போனது. அதற்குப் பிறகு போன் சைக்கிள் பையில்தான் (இது கடைசிப் பாத்தி, அதுதான் எழுதுகிறேன்). செம்மண் முதலில் குடிக்கும், பிறகுதான் நிறையும். குடிக்கிறபோது ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். நீங்கள் அதைத் தியானம் என்றால் சரி, எனக்கு ஆட்சேபனை இல்லை.

இன்னொன்று. நான் இரவு எட்டரைக்குப் படுத்துவிடுவேன். நீங்கள் 9.40க்கு இங்கே எழுதிக்கொண்டு இருக்கிறீர்கள்.

ஏஎல் பெடியன்
திங்கள், காலை 5.20

நான் ஏஎல், உயர்தர வகுப்பு. ஆறு மணிக்கு ரியூசன். அம்மா எழுப்புவா, அம்மா தேத்தண்ணி தருவா, அம்மா சைக்கிளுக்குக் காற்று இருக்கோ என்று பார்ப்பா. என் ரூட்டீன் அம்மாதான் அண்ணை.

பருத்தித்துறை நேர்ஸ்
திங்கள், பிற்பகல் 2.15

நான் ஷிப்ட் வேலை. எனக்குச் சில நாள் காலை என்பது பின்னேரம் நான்கு மணிக்கு வரும். அதனால் இந்த விசயத்தைக் கொஞ்சம் வேறு பக்கத்தால் பார்க்கிறேன்.

மடத்தடி, உங்கள் ஒன்பது நாள் கதையில் தப்பு ஐந்து மணியில் இல்லை. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணித்தியாலம் வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பினால் ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலக் கடன். ஒன்பது நாளில் அது பதின்மூன்றரை. பத்தாம் நாள் உடம்பு கடனைக் கேட்டு வாசலுக்கு வந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது, எழும்பியவுடன் வருகிற மந்தம். கண் திறந்தாலும் மூளை முழுதாக முழிக்கப் பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும். போன் நம்மைப் பிடித்துவைப்பது அந்த நேரத்தில்தான். வேண்டாம் என்று வைத்துவிடுகிற மூளை இன்னும் வேலைக்கு வரவில்லை. ஆனபடியால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய எதையும் வைக்காதீர்கள். டயரி, திட்டம் எல்லாம் பிறகு. கைக்கு வேலை கொடுங்கள், காலுக்கு வேலை கொடுங்கள்.

மூன்றாவது வெளிச்சம். உடம்பின் மணிக்கூடு கண்ணில் படுகிற வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்துகிறது. வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வரும். நன்றாக விடிந்த பிறகு முகில் மூடியிருந்தாலும் முற்றத்தில் பல ஆயிரம் இருக்கும். ஆனால் இந்தத் தை மாதக் கடைசியில் எங்களுக்குச் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் வருகிறது. வைகாசிக் கடைசியில் ஆறுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிடும். அதனால் 5.45க்கு எழும்பி இருட்டில் நின்று வெளிச்சம் வாங்க முடியாது. ஆறரைக்குப் பிறகு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

வெளியே நிற்கிறபோது ஒரு வேலை தருகிறேன். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், அதிலும் காலையிலும் பின்னேரத்திலும். மழை விட்ட இந்தக் காலத்தில் வீட்டைச் சுற்றிச் சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய ரயர் எல்லாவற்றிலும் தண்ணீர் கிடக்கும். முட்டையிலிருந்து நுளம்பாகக் கிட்டத்தட்ட ஒரு கிழமை தொடக்கம் பத்து நாள் எடுக்கும். கிழமையில் ஒரு காலை அவற்றைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் போதும். மனதுக்கு நல்லதோ தெரியாது, எங்கள் வார்ட்டுக்கு நல்லது.

பனிப்புலத்தான்
திங்கள், இரவு 8.05

நான் ஊரில் பனிப்புலம், இருப்பது ரொறன்ரோ. இப்போது உண்மையாகவே பனிப்புலத்தில்தான் இருக்கிறேன்.

மடத்தடி, அந்த நாற்பது செய்திக்கு நாங்கள்தான் காரணம். கணக்கைப் பாருங்கள். மாரியில் உங்களுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். உங்கள் 5.45 எங்களுக்கு முதல் நாள் இரவு 7.15. வேலையால் வந்து, சாப்பிட்டு, சோபாவில் சரிந்து, ஊர் ஞாபகம் வந்து குறூப்பில் படம் போடுகிற நேரம் அது. எங்கள் நாளின் கடைசிக் களைப்பை எடுத்து உங்கள் நாளின் முதல் நிமிடத்தில் கொட்டுகிறோம். மரண அறிவித்தலும் அப்போதுதான் போடுவோம்.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. நாங்கள் போடுவதை நிறுத்த மாட்டோம், அது நடக்காத காரியம். நீங்கள் குறூப்பை மௌனத்தில் போட்டு எட்டு மணிக்குப் பாருங்கள். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். நாங்கள் அப்போது படுக்கப் போகிற ஆயத்தத்தில் இருப்போம்.

இங்கே தை மாதத்தில் ஏழரை தாண்டித்தான் சூரியன். நேர்ஸ் அக்கா சொன்ன ஐந்து நிமிடத்தை நான் பஸ் தரிப்பில் எடுக்கிறேன். மூக்கு உறையும்.

கிணத்தடி
திங்கள், இரவு 10.30

எல்லாவற்றையும் வாசித்தேன். ஏஎல் தம்பி இரண்டு வரியில் சொன்னதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். "என் ரூட்டீன் அம்மாதான்." அந்த அம்மாவின் காலை எப்படி இருக்கும் என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. சரி, நான் சொல்கிறேன்.

நான் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். 4.30க்கு எழும்புகிறேன். பள்ளிக்கூடம் ஏழரைக்கு. அதற்குள் காலைச் சாப்பாடு, நாலு பேருக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு, மாமிக்கு மத்தியானத்துக்கு ஒரு கறி. பிட்டு என்றால் மா குழைக்க வேண்டும், தேங்காய் திருவ வேண்டும், நீத்துப்பெட்டி ஏற்ற வேண்டும். இவருக்குக் காலையில் நடைப்பயிற்சி, வைத்தியர் சொன்னது. ஆறு மணிக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய் ஆறேமுக்காலுக்கு வந்து, "விடியப்புறம் என்ன அமைதி தெரியுமோ!" என்பார். அந்த நேரம் என் ஒரு கையில் அகப்பை, மற்றக் கையில் சின்னவளின் பின்னல்.

நான் சண்டைக்கு வரவில்லை. அவர் நல்ல மனிசன். ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்கு அமைதியான காலை கிடைக்கிறது என்றால், சத்தமான காலையை யாரோ ஒருவர் முதுகில் சுமக்கிறார் என்பது என் அனுபவம்.

எனக்கும் ஏழு நிமிடம் இருக்கிறது. அதைக் களவாகத்தான் எடுத்தேன். நீத்துப்பெட்டியை ஏற்றி மூடினால் ஆவி வந்து பிட்டு அவிய ஏழெட்டு நிமிடம். முன்பெல்லாம் அந்த இடைவெளியில் பாத்திரம் கழுவுவேன். ஒரு நாள் கை எரிச்சலில் வேண்டாம் என்று பின்கதவைத் திறந்து கிணத்தடிக்குப் போனேன். மேலே தாங்கி இருக்கிறது, குழாயைத் திறந்தால் தண்ணி வரும். ஆனால் தைப் பனியில் தாங்கித் தண்ணி பல்லைக் கூசவைக்கும். கிணத்துத் தண்ணி வெதுவெதுப்பாக இருக்கும். நிலத்துக்கு அடியில் சூடும் குளிரும் அவ்வளவு மாறுவதில்லை, வெளியே குளிரும்போது அதுவே சூடாகத் தெரிகிறது.

ஒரே ஒரு வாளி அள்ளுவேன். கப்பி ஒரு தரம் கிரீச்சிடும். அடுத்த வீட்டு நாய் ஒரு முறை குரைத்துவிட்டு நான்தான் என்று தெரிந்து படுத்துவிடும். கால், கை, முகம். பிறகு கிணத்துக் கட்டில் இருப்பேன். ஒன்றும் யோசிப்பதில்லை. செம்பகம் ஒன்று வேலிக் கதியாலில் "உப் உப்" என்று கொண்டிருக்கும். பிட்டின் ஆவி மணம் குசினி ஜன்னலால் வந்தால் எழும்பிவிடுவேன். மணிக்கூடு தேவையில்லை. இரண்டு வருடமாக நடக்கிறது. இதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, இதை வாசித்தால்தான் தெரியும்.

ஒரு நாள் இவர் தானாக வந்து தேங்காய் திருவித் தந்தார். எனக்குச் சந்தோசம். பிறகு பார்த்தால் திருவலை கழுவாமல் கிடக்கிறது. பூ காய்ந்து பல்லில் ஒட்டிவிட்டது, சுரண்டி எடுக்கப் பத்து நிமிடம். என் ஏழும் போய், மேலே மூன்றும் போனது.

ஏஎல் பெடியன்
திங்கள், இரவு 10.52

ரீச்சர், சொறி. நாளைக்குச் சைக்கிள் காற்றை நானே பார்க்கிறேன்.

பழைய நேரம்
செவ்வாய், காலை 5.10

என் பெயரைப் பார்த்துப் பலர் கேட்பார்கள். அதற்கு ஒரு கதை உண்டு, இந்த விசயத்துக்கும் பொருந்தும்.

1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்கென்று நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் அப்போது கரண்டே இல்லை. ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்துக்கொண்டிருந்தோம். இல்லாத கரண்டை மிச்சம் பிடிக்க ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பினோம். ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம்தான் நடந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு முகமாலைச் சோதனைச் சாவடியைக் கடந்தால் கையில் கட்டிய மணிக்கூட்டை அரை மணித்தியாலம் திருத்த வேண்டும். 2006 சித்திரை வருடப்பிறப்போடு எல்லாம் பழையபடி வந்தது. பத்து வருடத்தில் மூன்று தரம் மாற்றம்.

இந்தப் பத்து வருடமும் என் காலை மாறவில்லை. ஏனென்றால் அது மணிக்கூட்டில் தொங்கவில்லை. கோயில் மணி கேட்டதும் எழும்புவது, எழும்பியதும் பாயைச் சுருட்டுவது, சுருட்டியதும் முற்றம் கூட்டுவது. பாய் சுருட்டினால் கை தானாக விளக்குமாற்றைத் தேடும். மனைவி இருந்த காலத்தில் முற்றம் அவவுடையது. அவ போன பிறகுதான் நான் தொட்டேன், அதையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். கிணத்தடித் தங்கச்சி எழுதியதை வாசித்து நேற்று இரவு கொஞ்ச நேரம் நித்திரை வரவில்லை.

கூட்டுவதில் ஒரு முறை உண்டு. பின்னால் நடந்துகொண்டு கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கால் தடமே பட்டுவிடும். முடிந்ததும் மண்ணில் ஈர்க்குக் கோடு விசிறி மாதிரி விழுந்திருக்கும். முதல் காகம் வந்து அதில் நடக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சின்னனில் சைவ சமய வகுப்பில் சூரியன் உதிக்க ஐந்து நாழிகைக்கு முன் எழும்ப வேண்டும் என்று படிப்பித்தார்கள். நாழிகை 24 நிமிடம், ஆக இரண்டு மணித்தியாலம். திருவெம்பாவைக் காலத்தில் மட்டும் அதைச் செய்வோம், சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைக்குள் வந்தால் யாரால் படுத்திருக்க முடியும்? பத்து நாள்தான். அதை வருடம் முழுக்கச் செய்யச் சொன்னால் நானும் மடத்தடித் தம்பி போல பத்தாம் நாளில் விழுந்திருப்பேன்.

பருத்தித்துறை நேர்ஸ்
செவ்வாய், இரவு 7.20

ஐயா, "பாய் சுருட்டினால் கை விளக்குமாற்றைத் தேடும்" என்கிறீர்களே, அதையேதான் ஆய்வுக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்தது, 2010இல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தைத் தெரிந்து, அன்றாடம் நடக்கிற ஒன்றோடு அதைக் கட்ட வேண்டும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இது என்கிற மாதிரி. யோசிக்காமல் தானாக நடக்கிற அளவுக்கு வர நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். தண்ணீர் குடிப்பது போன்றவை கெதியாகப் படிந்தன, உடற்பயிற்சி மெதுவாக. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள்.

21 நாளில் பழக்கம் வரும் என்று யூரியூப்பில் சொல்பவர்களை நம்பி 22ஆம் நாள் மனம் உடைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மடத்தடி, உங்கள் வீட்டில் காலையில் கட்டாயம் நடக்கிறது எது? அதைக் கண்டுபிடியுங்கள்.

இறைப்புக்காரன்
செவ்வாய், இரவு 7.50

254 நாள் பொறுத்தால் இரண்டு போகம் வெங்காயம் எடுத்துவிடலாம்.

மடத்தடி
செவ்வாய், இரவு 9.05

(நேரத்தைக் கவனியுங்கள் இறைப்பு அண்ணை.)

நேர்ஸ் அக்காவின் கேள்வியை வைத்துக்கொண்டு இன்று காலை வீட்டைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வெட்கம்தான். எனக்கு முப்பத்திரண்டு வயது. என் வீட்டில் காலையில் கட்டாயம் நடக்கிறது என்றால் அது அம்மா குசினியில் நிற்பது. 4.45க்கு லைட் எரிகிறது. நான் கட்டிலில் போனோடு கிடந்த அந்த ஐம்பது நிமிடமும் பக்கத்து அறையில் திருவலைச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்கவே இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு சாதாரண அலாரம் மணிக்கூடு வாங்கியிருக்கிறேன், பற்றரி போடுகிறது. போன் இன்றிலிருந்து ஹோலில் அலுமாரிக்குள். மிச்சத்தைப் பிறகு வந்து எழுதுகிறேன்.

மடத்தடி
நாலாவது செவ்வாய், இரவு 8.45

மூன்று கிழமை ஆகிவிட்டது. சுருக்கமாக.

5.50க்கு எழும்பி நேரே குசினிக்குப் போகிறேன். தேங்காய் உடைத்துத் திருவுவது என் வேலை. முதல் நாள் அம்மா திருவலையைத் தரவே இல்லை, "உனக்கு ஏலாது, கையை வெட்டிப்போடுவாய்" என்றா. இரண்டாம் நாள் வெட்டியும் கொண்டேன், சின்னக் காயம். இப்போது ஒரு பாதி நாலு நிமிடம். சிரட்டையின் கறுப்பு வரத் தொடங்குகிற இடத்தில் கை தானாக மெதுவாகிறது, அது எப்படி வந்ததென்று தெரியாது. இரண்டு கையிலும் தேங்காய் இருக்கும்போது போன் எடுக்க முடியாது. யூரியூப்காரர் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

பிறகு பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியுமாகப் பின்படியில் இருக்கிறேன். அம்மாவும் வந்து இருக்கிறா. நாலாம் நாள் வரைக்கும் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. பிறகு அவ சின்ன வயதில் தோட்டத்துக்கு இறைக்கப் போன கதைகளைச் சொல்கிறா. துலாவில் ஏறி மிதிக்க ஒரு ஆள், பட்டை பிடிக்க ஒரு ஆள், தண்ணி மாற அவ. எனக்கு இது ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

நாலு நாள் தவறியது. கலியாண வீடு ஒன்று, காய்ச்சல் இரண்டு நாள், ஒரு நாள் சும்மா பஞ்சி. சிரட்டைகளை ஞாயிற்றுக்கிழமை கவிழ்க்கிறேன். றெயில் கடவையில் இன்னும் கோபம் வருகிறது, அது குறையவில்லை. திறப்பு மட்டும் ஆணியில் தொங்குகிறது.

பனிப்புலத்தான்
நாலாவது செவ்வாய், இரவு 8.58

குறூப்பில் நீர் பதில் போடவில்லை என்று சித்தியின் மகள் கேட்டிருப்பாவே?

மடத்தடி
நாலாவது செவ்வாய், இரவு 9.01

இரண்டு கிழமைக்குப் பிறகுதான் கவனித்திருக்கிறா.

கிணத்தடி
நாலாவது செவ்வாய், இரவு 9.10

தம்பி, நல்ல சந்தோசம். ஒரே ஒரு கேள்வி. திருவலையை யார் கழுவுகிறது?

மடத்தடி
நாலாவது செவ்வாய், இரவு 9.16

இப்போதுதான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அம்மா சிரிக்கிறா.